கடைசி வரிசையில் ஒரு நாய்

விமானக் கம்பெனியில் வேலை என்றதும் எல்லோரும் வானத்தைப் பற்றிக் கேட்பார்கள். செக்-இன் கவுண்டரில் உட்கார்ந்திருந்த எனக்குப் பன்னிரண்டு வருஷமும் கண்ணில் பட்டதெல்லாம் தராசில் ஓடும் சிவப்பு எண்கள்தான். வங்கியிலும் ரேஷன் கடையிலும் மின்கட்டண ஜன்னலிலும் பொதுஜனத்துக்கு எதிரே உட்கார்ந்து, மதியத்துக்குள் தலைவலித் தைலத்தைத் தேடும் சகோதர சகோதரிகளுக்கு நான் சொல்லப்போவது உடனே புரியும். சட்டம் போடுகிறவர் எங்கோ குளுகுளு அறையில் இருப்பார். அதற்காகத் திட்டு வாங்குகிறவர் கவுண்டரில் இருப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் புனே லோகேகாவ் விமான நிலையத்தில் சேர்ந்தேன். கவுண்டரில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சென்னை விமானத்துக்கு ஒரு வேட்டியோ மல்லிகைப் பூவோ வந்து நின்றால் போதும், பக்கத்து கவுண்டர் சுனந்தா தாயி, "உன் ஆளு வந்தாச்சு" என்று என் பக்கம் தள்ளிவிடுவார். அக்காவை இங்கே தாயி என்றுதான் கூப்பிடுவோம். கவுண்டரில் எனக்கு இருபது வருஷம் மூத்தவர். நாக்கில் மிளகாய்த் தூள் தடவிக்கொண்டு வேலைக்கு வருபவர்.

நாய் விஷயத்தில் எங்கள் கம்பெனி சட்டம் இதுதான். நாயும் கூடையும் சேர்ந்து ஐந்து கிலோவைத் தாண்டக் கூடாது. மருத்துவர் கடிதம் வேண்டும். கூடைக்குக் காற்றோட்டமும் மூடியும் வேண்டும். இவ்வளவும் இருந்தால் பயணிகளோடு கடைசி வரிசையில் போகலாம், ஒரு விமானத்துக்கு ஒரு நாய். ஆனால் எல்லாம் சரியாக இருந்தாலும் அன்றைக்கு ஓட்டுகிற கேப்டன் சரி என்று சொல்ல வேண்டும். எங்கேயாவது இடித்தால், கூண்டில் போட்டு விமானத்தின் வயிற்றுக்குள், பெட்டி படுக்கையோடு தனியாகப் போக வேண்டியதுதான். மேலேயா, கீழேயா? நாய் வந்தாலே இந்த ஒரு கேள்விக்காக ஒரு குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கும். என்னவோ சட்டத்தை நான்தான் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன் என்பது போல.

மூன்று சுற்று

கோரேகாவ் பார்க்கிலிருந்து ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் வெள்ளை வெளேர் என்று ஒரு பொமரேனியனோடு வந்தார். தராசில் வைத்தேன். ஐந்து கிலோ நூற்றைம்பது கிராம். கழுத்துப் பட்டையைக் கழற்றினார். மணியைக் கழற்றினார். கூடைக்குள் இருந்த குட்டித் தலையணையை எடுத்து மனைவி கையில் கொடுத்தார். இன்னும் நாற்பது கிராம் இடித்தது.

"பத்து நிமிஷம் கொடு" என்று உத்தரவு போட்டுவிட்டு, நாயைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். கார் நிறுத்தும் இடத்தை மூன்று சுற்று சுற்றினார்கள். கண்ணாடி வழியாக நாங்களும் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் சுற்றில் நாயை அவர் இழுத்தார், மூன்றாவது சுற்றில் அவரை நாய் இழுத்தது. போகிற வழியில் நல்ல மனசுக்காரர் யாரோ நாய்க்கு பிஸ்கட் வேறு போட்டுவிட்டார். திரும்பி வந்து வைத்தால், பழைய எண்ணுக்கு மேல் பத்து கிராம். சட்டை நனைந்து, மூச்சு வாங்கி நின்ற கர்னலை மேலும் கீழும் பார்த்துவிட்டு சுனந்தா தாயி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இளைச்சது கர்னல் சாப்தான். வேணும்னா அவரைக் கூடையில உட்கார வச்சு எடை போட்டுப் பாரு."

குரைக்குமா?

நாயைப் பற்றி வாக்கி-டாக்கியில் கேப்டனிடம் சொல்ல வேண்டும். எடை, வயது எல்லாம் சொல்லி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி வரும்: "குரைக்குமா?" எந்த நாய்க்காரரிடம் கேட்டாலும் குரைக்கவே குரைக்காது என்பார். நாங்களும் அதையே கேப்டனிடம் ஒப்பிப்போம். வாகட்டில் அடுக்குமாடி வீட்டில் இருந்த சென்னைப் பையன் ஒருவன், ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் வேலை, தன் டாஷ்ஹண்ட் குட்டியோடு வந்தான். "ரொம்ப சைலண்ட் மேடம். எங்க சொசைட்டியில நாய் இருக்கறதே பாதிப் பேருக்குத் தெரியாது" என்றான். நான் அதற்கு மேலே ஒரு படி போய், "நான் உத்தரவாதம் சார்" என்று கேப்டன் மல்ஹோத்ராவிடம் சொல்லித் தொலைத்தேன்.

புனேயில் ஆரம்பித்த குரைப்பு சென்னையில் கதவு திறக்கும்வரை ஓயவில்லையாம். மல்ஹோத்ரா எழுதிய புகாரில் என் பெயர் மூன்று இடத்தில் இருந்தது. எனக்கு மெமோ. இன்னொரு புகார் வந்தால் சரக்குக் கொட்டகைக்கு மாற்றல் என்று மேலாளர் சிரிக்காமல் சொன்னார். அன்றிலிருந்து மல்ஹோத்ரா ஓட்டுகிற நாளில் எந்த நாய்க்கும் மேலே இடம் கிடையாது. பத்து நாள் கழித்து ஊரிலிருந்து திரும்பி வந்த அந்தப் பையனைப் பிடித்து, ஏனப்பா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அவன் கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னான்: "வீட்ல நெஜமாவே கொரைக்காது மேடம். ஆனா வீட்ல நாங்க யாரும் சீட் பெல்ட் போடுங்கன்னு மைக்ல சொல்ல மாட்டோமே."

குளித்தவரும் குளிக்காதவரும்

இன்னொரு நாள், இளகிய மனசுள்ள ஒரு கேப்டன். பஞ்சாபி அம்மாள் ஒருத்தரின் நாய்க்கு மேலே அனுமதி கிடைத்தது. கடைசி வரிசையில் பக்கத்து இருக்கை ஒரு மாமிக்கு. மறுநாள் சென்னையில் மாமனார் திவசம், மடிசாரும் தண்ணீர்ச் சொம்புமாக ஏறியிருந்தார். கூடைக்குள்ளிருந்து ஒரு வால் ஆடுவதைப் பார்த்ததும் விமானத்துக்குள் ஒரே கலவரம். தமிழ் தெரிந்தவளைக் கூப்பிடு என்று என்னைப் படியேற்றிவிட்டார்கள்.

இருக்கை மாற்றித் தருகிறேன் மாமி என்றேன். "இரு, இரு. மொதல்ல அது குளிச்சுதான்னு கேளு" என்றார். கேட்டேன். காலையில் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, காதுகூடத் துடைத்துத்தான் கொண்டு வந்ததாகப் பஞ்சாபி அம்மாள் இந்தியில் சத்தியம் செய்தார். மொழிபெயர்த்தேன். மாமி யோசித்தார். பிறகு தனக்கு மறுபக்கத்து இருக்கையில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்த கனவானைக் கண்ணால் காட்டினார்: "நாய் குளிச்சாச்சு, சரி. அந்தாண்ட தூங்கறாரே, அவர் குளிச்சாரான்னு கேட்டுச் சொல்லு. அப்பறமா யாரை மாத்தறதுன்னு பார்த்துக்கலாம்."

ஒரே ஒருவன்

பொங்கலுக்கு ஊருக்குப் போகும் குடும்பம். கூடைக்குள் நாய் ஓயாமல் பிறாண்டியது. கல்லூரி படிக்கும் மகன் இந்தியில் அதட்டினான், ஆங்கிலத்தில் கெஞ்சினான், ஒன்றும் நடக்கவில்லை. அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "டேய், சும்மா படு" என்றார். படுத்துவிட்டது. நான் மகனிடம் தமிழில் ஜன்னல் இருக்கை வேண்டுமா என்று கேட்டேன். அவன் திருதிருவென்று அம்மாவைப் பார்த்தான். அம்மா பெருமூச்சு விட்டார்: "எங்க வீட்டுல தமிழ்ல சொன்னா கேக்கறவன் இந்தக் கூடைக்குள்ள இருக்கறவன் ஒருத்தன்தாம்மா."

நிக்டியில் செய்த பெட்டி

ரங்கசாமி பிம்ப்ரி-சின்ச்வட் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருஷம் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். கோயம்புத்தூர்க்காரர். அவரும் மனைவி சரஸ்வதி அம்மாளும் நிக்டி வீட்டைக் காலி செய்து, சாமானை லாரியில் ஏற்றிவிட்டு, சென்னையில் மகளோடு இருக்கக் கிளம்பி வந்திருந்தார்கள். கூடவே அவர்கள் நாய் மோத்யா. பதினாலு வயது, ஒரு கண்ணில் புரை, இதயமும் பலவீனம். கீழே சரக்கோடு போட்டால் தாங்காது என்று மருத்துவர் கடிதத்திலேயே எழுதியிருந்தார். அன்று விமானம் ஓட்டுகிறவர் கேப்டன் மல்ஹோத்ரா.

கூடை 'உறுதியாக' இருக்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வார்த்தை உண்டு. அதைப் படித்த ரங்கசாமி ஒரு மாதம் செலவழித்துத் தம் கையாலேயே ஒரு பெட்டி செய்திருந்தார். இரும்புச் சட்டகம், கம்பி வலை, வரிசை தப்பாத ரிவெட், எண்ணெய் போட்ட தாழ்ப்பாள். கை கீறாமலிருக்க மூலைகளை அரம் போட்டுத் தேய்த்திருந்தார். சுனந்தா தாயியே எழுந்து வந்து தடவிப் பார்த்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தராசில் வைத்தோம். ஏழு கிலோ அறுநூறு. நாயை எடுத்துவிட்டு வைத்தோம். பெட்டி மட்டும் நாலு கிலோ நூறு.

"என்ன சார், இவ்வளவு கனமா செஞ்சிருக்கீங்க?" என்றேன்.

"பின்னென்னங்க அம்மணி, பத்து வருசமாவது ஒழைக்க வேண்டாமா?" என்றார். உள்ளே இருக்கிறவருக்குப் பதினாலு வயது என்று அவருக்கு யார் சொல்வது.

சட்டத்தைச் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது. மருத்துவர் கடிதத்தை இன்னொரு தரம் படித்து, மடித்துப் பையில் வைத்தார். "சரிங்க. பொட்டி கீழ போகட்டும். சரசு, நீ ஏரோப்ளேன்ல போயிரு. நானும் மோத்யாவும் ரயில்ல வந்துக்கறோம்" என்றார். சென்னை ரயிலில் அவருக்கு இடமிருக்கிறதா, நாயை எந்தப் பெட்டியில் ஏற்றுவார்கள், அதுவரை எங்கே தங்குவது, எதுவும் அவருக்குத் தெரியாது. வீட்டுச் சாவியைக் காலையில்தான் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

சரஸ்வதி அம்மாள் தன் கையிலிருந்த இரண்டு வயர் கூடைகளையும் கவுண்டரில் கவிழ்த்தார். பருப்புப் பொடி டப்பா, சீப்பு, முறுக்குப் பொட்டலம், தண்ணீர் பாட்டில் எல்லாம் என் கம்ப்யூட்டர் பக்கத்தில் உருண்டன. ஒரு கூடையில் பிளாஸ்டிக் தாளும் பழைய துண்டும் விரித்து மோத்யாவைப் படுக்க வைத்தார். இன்னொரு கூடையை அதன் மேல் கவிழ்த்தார். பையைத் துழாவிப் பாவாடை நாடா ஒன்றை எடுத்து, கைப்பிடிகளைச் சேர்த்து இறுக்கிக் கட்டினார். காற்று வேண்டுமா, சுற்றிலும் ஓட்டைதான். மூடி வேண்டுமா, அதுவும் இருக்கிறது. எடை நாலு கிலோ இருநூறு. ரங்கசாமி குனிந்து முடிச்சை இழுத்துப் பார்த்தார், இடுக்குகளில் விரலை விட்டுப் பார்த்தார், அடியைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். தம் பெட்டியை ஒரு தரம் பார்த்துவிட்டு, "பாஸ்" என்றார்.

மல்ஹோத்ரா கூடத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தார். ஓடிப்போய் நிறுத்தினேன். "குரைக்குமா?" என்றார், என் முகத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு. இந்த முறை உத்தரவாதம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. "தெரியாது சார். கீழே போட்டால் பிழைக்காது, அது மட்டும் தெரியும். குரைத்தால் என் பேரிலேயே எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். சரக்குக் கொட்டகை கண்ணுக்குத் தெரிந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன். அவர் கவுண்டருக்கு வந்து குனிந்தார். பச்சை வயர்களுக்கு நடுவே ஒரு கறுப்பு மூக்கு ஈரமாகத் தெரிந்தது. ரங்கசாமி விறைப்பாக நின்று, தம் முப்பது வருஷ புனே இந்தியில், "நானே செக் பண்ணிட்டேன் சாப், குவாலிட்டி ஓக்கே" என்றார். மல்ஹோத்ரா அவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், நாடாவைப் பார்த்தார். "கடைசி வரிசை" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

இரும்புப் பெட்டிக்குச் சீட்டு ஒட்டி, காலியாகவே கீழே அனுப்பினேன். ரங்கசாமி வயர் கூடையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, யாரும் இடித்துவிடாமல் பக்கவாட்டில் நடந்தார். டப்பாக்களைப் பொறுக்கி முந்தானையில் கட்டிக்கொண்டிருந்த சரஸ்வதி அம்மாள் என் காதருகே வந்து சொன்னார்: "மோத்யாவ வாசப்படி தாண்டி உள்ள உடாதே, உள்ள உடாதேன்னு பதினாலு வருசமா எங்கூடச் சண்டை புடிச்ச மனுசன் கண்ணு இவரு."

விமானத்துக்குள் நாயை விடலாமா என்று இப்போது யாராவது என்னிடம் கேட்டால், வீட்டுக்குள் விடுவதற்கே ஒரு நல்ல மனுஷருக்குப் பதினாலு வருஷம் ஆகியிருக்கிறது, கம்பெனிக்காரர்களுக்கும் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.