குழி வெட்டியவர்களைத் தேடிய பூங்கோதை அக்கா

கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில், மவ்ரி அவென்யூ மளிகைக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது யாழினி அழைத்தாள். பூங்கோதை அக்காவின் மகள். நியூ ஜெர்சியில் கல்லூரியில் படிக்கிறாள். குறுஞ்செய்தி அனுப்புவாளே தவிர, பேச மாட்டாள்.

"அண்ணா, அம்மா போயிட்டாங்க. அப்பா கிரிமேட் பண்ணணும்னு சொல்றாரு. அம்மா டிட்ன்ட் வான்ட் தட். ப்ளீஸ், வாங்க."

புற்றுநோய் திரும்பி வந்திருப்பது தெரியும். இவ்வளவு சீக்கிரம் என்று தெரியாது. அன்றே விமானம் ஏறினேன்.

பூங்கோதை அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விழுப்புரம் பக்கத்துக்காரர். நியூ ஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வீடு. மருந்து நிறுவனமொன்றில் மென்பொருள் சோதனைக் குழுவுக்குத் தலைவர். இந்த நாட்டில் நான் முதலில் வேலை பார்த்தது அவரிடம்தான். விடுமுறை நாட்களில் மற்றவர்கள் கோயிலுக்கும் மாலுக்கும் போனார்கள். அக்கா பழைய போர்க்களங்களுக்குப் போனார். கணவர் கதிர் அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே காரோட்டுவார். பின்னிருக்கையில் நானும் யாழினியும்.

நான் அவர்களோடு முதலில் போனது, அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த கெட்டிஸ்பர்க். வயலெங்கும் பனிமூட்டம். குதிரை மேல் தளபதிகள் நின்றார்கள். எல்லோரும் சிலைகளை அண்ணாந்து பார்த்துப் படமெடுத்துக்கொண்டிருக்க, அக்கா தரையைப் பார்த்தபடியே நடந்தார்.

"இவ்ளோ பேரு செத்தாங்களே, யாருடா பொதைச்சது?"

"ஆர்மிக்காரங்கதான் இருக்கும்க்கா."

"துப்பாக்கி புடிச்சவன் எங்கடா மம்முட்டி புடிச்சான்?"

ஊருக்குள் விசாரித்துக்கொண்டு போனோம். அரைகுறையாகப் புதைக்கப்பட்ட படைவீரர்களைத் தோண்டியெடுத்து ஒழுங்காக அடக்கம் செய்த வேலையில் அவ்வூர்க் கறுப்பினத்தவர்களும் இருந்திருக்கிறார்கள். அவர்களுடைய இடுகாடு வீடுகளுக்கு நடுவே தனியாகக் கிடந்தது. அக்கா அங்கே புல்லில் உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டுக் கறுப்பினப் பெண்மணி வேலியோரம் வந்து, உங்கள் உறவினர் யாராவது இங்கே இருக்கிறார்களா என்று கேட்டார். அக்கா தயங்காமல் ஆமாம் என்றார்.

காரில் அண்ணன் கேட்டார்: "ஏன் பொய் சொன்ன?"

"பொய்யா?" என்றார் அக்கா.

அடுத்த ஆண்டு அலுவலக வேலையாக நாங்கள் இருவரும் டெக்சஸ் போனோம். ஹூஸ்டனுக்கு வெளியே, டெக்சஸ்காரர்கள் மெக்சிகோ படையைத் தோற்கடித்த சான் ஹசின்டோ. வானுயர ஒரு வெற்றித் தூண். சுற்றிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள். தோற்ற மெக்சிகோ வீரர்களைப் புதைக்காமல் வெளியிலேயே விட்டார்கள் என்று படித்திருந்தேன். அதைச் சொன்னதும் அக்கா நின்றுவிட்டார்.

"வாடை வருது பாரு."

"ரிஃபைனரிக்கா."

"அது மட்டுந்தானா?"

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்த வெயிலில் கை மயிர் சிலிர்த்தது. திரும்பும் வழியில் ஒரு மெக்சிகோக்காரரின் டாக்கோ கடையில் நிறுத்தினோம். அந்தத் தூணைப் பார்த்ததுண்டா என்று கடைக்காரரிடம் அக்கா கேட்டார். அவர் சிரித்தார். முன்பெல்லாம் அங்கே புல் வெட்டப் போவாராம். அக்கா சிரிக்கவில்லை.

அக்கா எதைத் தேடினார் என்பது மான்மத் போர்க்களத்தில்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான். கோடையில் அங்கே பழைய சீருடையில் அமெரிக்க விடுதலைப் போரை நடித்துக் காட்டுவார்கள். தமிழ்க் குடும்பங்கள் மடக்கு நாற்காலியும் எலுமிச்சைச் சாதமுமாக வந்து உட்கார்ந்திருந்தன. பீரங்கி வெடித்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள், செத்தவர்கள் எழுந்து தண்ணீர் குடித்தார்கள். வழிகாட்டியிடம் அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டார். அவர் நேர்மையாகத் தெரியாது என்றார்.

எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பெரியவர் ஒருவர் தட்டோடு சிரித்தார். "ஏம்மா பூங்கோதை, எங்க போனாலும் ஒனக்கு குழியிலயேதான் கண்ணா?"

"எங்கப்பா ஊர்ல குழி வெட்டினவரு அங்கிள். கண்ணு அங்கதான் போவும்."

எங்கள் ஆட்கள் படித்தவர்கள் அல்லவா! முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அக்கா கொண்டுவந்த தயிர்ச்சாதம் மட்டும் தொடப்படாமல் திரும்பியது. நவராத்திரிக்குக் கொலுவுக்கு அழைப்பில்லை. பிறந்தநாள்களுக்கும் இல்லை. கோடிங் தெரியும், கிரீன் கார்டுச் சட்டம் தெரியும், பத்தாயிரம் மைல் தள்ளி வந்தும் சுடுகாட்டுப் பாதை எது, ஊர்ப் பாதை எது என்று மறக்கவில்லை. கதிர் அண்ணன் ஒடுங்கிப்போனார். "நீ வாய வச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம்" என்பதையே பல விதமாகச் சொன்னார்.

அக்கா ஒடுங்கவில்லை. அந்தப் போர்க்களத்துக்கு அருகே கறுப்பினத்தவர்களின் சிறிய தேவாலயமும் இடுகாடும் இருந்தன. அங்கே போய்க் களை பிடுங்கினார். சரிந்த கற்களை நிமிர்த்தினார். நோய் முற்றியபோது அவர்களே அவருக்கு ஓர் இடம் தருவதாகச் சொன்னார்கள். "எங்க வீட்ல பொதைக்கிறதுதான்டா வழக்கம். என்னை நெருப்புல ஒளிச்சி வச்சிடாதீங்க" என்று தொலைபேசியில் என்னிடம் சொன்னார்.

நான் விமானமிறங்கி அக்காவின் வீட்டுக்குள் நுழைந்தபோது சங்கத்துப் பெரியவரும் இருந்தார். துக்கம் என்றதும் உரிமையோடு வந்துவிடுகிறார்கள். கோயில் குருக்களுக்கும் தகன மேடைக்கும் அவரே பேசியிருந்தார். யாழினி இடுகாட்டைச் சொன்னதும், "பரியலா, பொதைக்கிறதா? கன்வர்ட் ஆயிட்டாங்களா என்ன?" என்றார்.

கதிர் அண்ணன் என்னை அடுக்களைக்கு இழுத்துப்போனார். "எரிச்சா இன்னியோட முடிஞ்சிடும் தம்பி. பொதைச்சா ஏன்னு காலம்பூரா கேப்பாங்க. யாழினிக்குக் கல்யாணம் பண்ணணும்."

பின்னாலேயே வந்த யாழினி சொன்னாள்: "அப்பா, எனக்காக அம்மாவ ஹைட் பண்ணாதீங்க. ஐ டோன்ட் வான்ட் இட்."

அண்ணன் கூடத்துக்குப் போய் அந்தப் பெரியவரிடம், "ஐயருக்கு போன் பண்ணி வேணாம்னு சொல்லிடுங்க" என்றார்.

அடக்கத்தன்று மழைத் தூறல். அலுவலகத்தினர், தேவாலயத்தினர், தள்ளி நின்ற சில தமிழ்க் குடும்பங்கள். குழியை இயந்திரம் வெட்டியிருந்தது. மண் தள்ளவும் அதுதான் நின்றது. கதிர் அண்ணன் அதன் ஓட்டுநரைக் கையமர்த்திவிட்டு, ஷூவைக் கழற்றிவைத்து மண்வெட்டியை எடுத்தார். தமிழ்க் குடும்பங்கள் நின்ற பக்கம் திரும்பினார்.

"இது எங்க சாதி வழக்கம். எங்க மாமனாரும் இந்த வேலைதான் செஞ்சாரு. மண்ணு போடறவங்க வாங்க. மத்தவங்க கெளம்பலாம்."

சில கார்க் கதவுகள் சாத்தப்பட்டன. சிலர் வந்தார்கள். தேவாலயப் பெண்கள் பாடினார்கள். யாழினி இரு கைகளாலும் மண்ணள்ளிப் போட்டாள். மரங்களுக்கு அப்பால் போர்க்களம் வெறுமையாகக் கிடந்தது. பாட்டு நின்ற பிறகும் அந்தப் பக்கமிருந்து ஏதோ முனகல் வந்துகொண்டே இருந்தது. காற்றாக இருக்கலாம்.

குழி மூடியதும் அண்ணன் ஈரமண்ணைக் கையால் தட்டிச் சமன்செய்தார். "நாலு மழ பேஞ்சா மண்ணு எறங்கும் தம்பி. மறுபடி போடணும்."

படுத்திருங்கள், அக்கா. மண் இறங்கும்போது வருகிறோம்.