நெய் தோசை சாப்பிடப் போன இடத்தில் ஆத்தா தந்த மூச்சு

மூச்சு உள்ளே போகவில்லை. வாயைத் திறந்தேன், நெஞ்சைத் தூக்கினேன், காற்று தொண்டையோடு நின்றுவிட்டது. எதிரில் என் அம்மா, பிய்த்த தோசை கையில் இருக்க, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இது நடந்தது போன மார்கழியில், மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும். மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சைவ ஹோட்டல். பெயர் வேண்டாம். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

நம் நாகாத்தம்மன் கோயில் ஆடித் திருவிழா மலரைப் படிக்கிறவர்களில் பாதிப்பேருக்கு என்னைத் தெரியும். பதினோராம் பிளாக் வினோத். அடையாற்றுக் கரையில் குடிசைகளை எடுத்துவிட்டு நம்மையெல்லாம் இந்தக் குடியிருப்பில் கொண்டுவந்து விட்டபோது, ஆத்தாளின் பிடிமண்ணை மஞ்சள் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு லாரியில் வந்தாரே ஒரு பெண்மணி, அவர்தான் என் அம்மா. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். தி. நகரில் கட்டட வரைபடம் போடும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன்.

எனக்கு வேர்க்கடலை ஆகாது. ஆகாது என்றால், வயிறு சரியில்லாமல் போவதைச் சொல்லவில்லை. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் உடம்பெல்லாம் தடிக்கும், தொண்டை அடைக்கும். ஏழு வயதில் முதன்முதலாக வந்தது. பள்ளிக்கூட வாசலில் கடலை உருண்டை வாங்கித் தின்றேன். வீடு வருவதற்குள் முகம் வீங்கி, தோல் முழுக்கச் சிவப்புத் தடிப்பு. நம் பக்கத்தில் தடிப்பு என்றால் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். “ஆத்தா வந்திருக்கா.” வாசலில் வேப்பிலை செருகினார்கள். மூன்று நாள் வேப்பிலையில் படுக்க வைத்தார்கள். மருந்தில்லை, ஊசியில்லை. ஆத்தா உடம்பில் இருக்கும்போது ஊசி போட்டால் அவள் கோபம் உள்ளே இறங்கிவிடும் என்பது அம்மாவின் நம்பிக்கை. நான் பிழைத்தேன். அம்மா ஐந்து வருடம் கூழ் ஊற்றினார்.

கல்லூரியில் படிக்கும்போது மறுபடி வந்தது. அப்போதுதான் ஒரு டாக்டர் எல்லாம் கேட்டுவிட்டு, “தம்பி, இது அம்மை இல்ல. வேர்க்கடலை அலர்ஜி. அடுத்த தடவை உயிருக்கே ஆபத்தாயிடும்” என்றார். அட்ரினலின் என்ற மருந்தை எழுதிக்கொடுத்து, கண்ணாடிக் குப்பியை எப்படி உடைப்பது, ஊசியில் எப்படி ஏற்றுவது, தொடையில் எங்கே குத்துவது என்று செய்துகாட்டினார். இரண்டு குப்பி, இரண்டு ஊசி. பத்தாம் வகுப்பில் வாங்கிய ஜாமெட்ரி பாக்ஸில் வைத்து எங்கே போனாலும் எடுத்துப்போவேன். அம்மாவிடம் சொன்னேன். தலையாட்டினார். வீட்டில் வேர்க்கடலையை நிறுத்தினார். ஆனால் மனதுக்குள், “டாக்டருக்கு இன்னா தெரியும், வந்தது ஆத்தாதான்” என்றே இருந்திருக்கிறார். எனக்கு அது தெரியாமல் போனது.

அதிலிருந்து நான் வெளியே சாப்பிட்டதே அபூர்வம். போனாலும் சர்வரைப் பிடித்துவைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்பேன். அலுவலக நண்பர்கள் சிரிப்பார்கள். “மச்சி, தோசை ஆர்டர் பண்றியா, அந்தாளுக்கு வேலை குடுக்க இண்டர்வியூ எடுக்கிறியா?” நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் வலிக்கும். டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு அடுத்தவர் தட்டைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

அம்மா மயிலாப்பூரில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். பல வருடமாக அந்த ஹோட்டல் வாசல் வழியாகத்தான் நடக்கிறார். ஒரு நாளும் உள்ளே போனதில்லை. ஒருமுறை பேச்சுவாக்கில், “உள்ள குந்தி ஒரு நெய் தோசை சாப்புடணும்டா. நின்னுகினு இல்ல, குந்திகினு” என்றார். அது என் மனதில் தைத்துவிட்டது. வேலை நிரந்தரமான மறுநாள் கோயிலுக்குப் போனேன். “தாயே, ஒரே ஒரு தடவை. என் அம்மாவோடு உட்கார்ந்து, பயமில்லாமல் ஒரு வேளை சாப்பிட வேண்டும்” என்று வேண்டிக்கொண்டேன். பெரிய வேண்டுதலா இது? எனக்குப் பெரிதுதான்.

அந்த ஞாயிறு அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். டம்ளரைத் தொட்டுப் பார்த்தார். நான் சர்வரிடம் கேட்டேன்.

“அண்ணா, எனக்கு வேர்க்கடலை சுத்தமா ஆகாது. நெய் தோசைல இருக்கா?”

“நெய் தோசைல வேர்க்கடல எதுக்குப்பா வருது?”

“எண்ணெய்?”

“நெய்யி மட்டும்தான்.”

“சட்னி?”

“பொட்டுக்கடலைதான். அதுவும் பயமா இருந்தா வாணாம், சாம்பார் மட்டும் தொட்டுக்க.”

அம்மா என் கையைத் தட்டினார். “போதும்டா, அந்தாளு ஓடிறப் போறாரு.”

சர்வரே சிரித்துவிட்டார். தோசை வந்தது. அம்மா முதல் விள்ளலை வாயில் வைத்துக் கண்ணை மூடினார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நானும் சாப்பிட்டேன். மூன்றாவது விள்ளலில் உதடு அரித்தது. நாலாவதில் நாக்கு தடித்தது. அதன்பிறகுதான் மூச்சு.

பாக்ஸைத் திறந்தேன். விரல்கள் வீங்கியிருந்தன. முதல் குப்பியை உடைத்தபோது கழுத்தோடு சேர்த்து முழுவதும் நொறுங்கி, மருந்து சாம்பாரில் போய் விழுந்தது. மீதி ஒரு குப்பிதான். அதை எடுக்கக் கையை நீட்டினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயோ, கையெல்லாம் தடிச்சிகினு கீது! ஆத்தா வந்துட்டாடா! ஊசி வாணாம்டா, ஊசி வாணாம், ஆத்தா கோச்சுக்குவா!”

எனக்குப் பேச்சு வரவில்லை. இருபது வருடமாக வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்த கை அது. அந்தப் பிடியை விடுவிக்க என்னால் முடியவில்லை. சுற்றிலும் ஆட்கள் எழுந்து நின்றார்கள். யாரோ சோடா என்றார்கள், யாரோ ஆட்டோ என்றார்கள். கண் ஓரம் இருட்டியது. “தாயே, அம்மா கையை எடுக்க வை” என்று மட்டும் நினைத்தேன். அதற்கு மேல் வேண்டத் தெம்பில்லை.

அப்போது சிவப்புப் புடவை ஒன்று கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தது. கழுத்தில் மாலை, நெற்றி நிறையக் குங்குமம், வெறும் கால். அம்மனுக்கு விரதமிருக்கும் ஓர் அக்கா.

“நவுருங்க, நவுருங்க. நான் நர்ஸு. இன்னா சாப்ட்டான்?” பாக்ஸையும் அதிலிருந்த டாக்டர் சீட்டையும் ஒரு பார்வைதான் பார்த்தார். “அக்கா, கைய வுடு.”

“ஆத்தா வந்திருக்காம்மா எம்புள்ளைக்கு! நீயே மாலை போட்டுகினு கீற, உனக்குத் தெரியாதா?”

“மாலை போட்டுகினு பொய் சொல்லுவேனா? எம்மூஞ்சியப் பாரு. ஆத்தா வந்தா உடம்பு கொதிக்கும். உம்புள்ள நெத்தியத் தொட்டுப் பாரு. சில்லுனு கீதா இல்லியா?”

அம்மா என் நெற்றியைத் தொட்டார். ஜில்லென்று வியர்த்திருந்தது. அம்மா முகம் மாறியதைப் பார்த்தேன்.

“ஆத்தா இவன் மேல வர்லக்கா. என் கைல வந்திருக்கா. வுடு.”

அம்மா கையை எடுத்தார்.

அந்த அக்கா முந்தானையால் குப்பியைப் பிடித்து ஒரே சொடுக்கில் உடைத்து, மருந்தை ஏற்றி, பேண்ட்டோடு சேர்த்து என் தொடையில் குத்தினார். என்னைத் தரையில் படுக்கவைத்துக் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்தார். எத்தனை நிமிடம் என்று தெரியாது. ஒரு மூச்சு உள்ளே வந்தது. பிறகு இன்னொன்று. என் வாழ்க்கையில் எத்தனையோ மூச்சு விட்டிருக்கிறேன். அந்த இரண்டை மட்டும் தனித்தனியாக ஞாபகம் வைத்திருக்கிறேன்.

ஆட்டோவிலும் அக்கா கூடவே வந்தார். ஆஸ்பத்திரியில் மறுநாள்வரை படுக்கவைத்தார்கள். “இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தா கஷ்டம்” என்றார் டாக்டர். அக்கா கிளம்பும்போது, எந்த டேபிளில் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன்.

“நானா? மாலை போட்டுகினு ஓட்டல்ல சாப்புடுவேனா? கோயிலுக்குப் போயிட்டு வந்துகினு இருந்தேன். பூக்கடை வாசல்ல ரோஜா முள்ளு கால்ல ஏறிடுச்சி. ரத்தம். கழுவலாம்னு தண்ணி கேட்டு உள்ள வந்தேன், அவ்ளோதான்.”

இதைக் கேட்டதும் எனக்குப் புல்லரித்தது. இதை எழுதும்போதும் அப்படித்தான். மாடவீதி முழுக்கப் பூக்கடை. எத்தனை கால்கள் நடக்கும் தெரு அது. அந்த நேரத்தில், அந்த வாசலில், ஒரு நர்ஸின் வெறுங்காலுக்கு ஒரு முள். அதுவும் சும்மா ஒரு நர்ஸ் இல்லை. வெள்ளைக் கோட்டு போட்டு யார் வந்திருந்தாலும் என் அம்மா கையை எடுத்திருக்க மாட்டார். சிவப்புப் புடவைக்குத்தான் எடுத்தார். யாரை அனுப்ப வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அம்மா படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். “நான் ஆத்தாகிட்ட இன்னா வேண்டினேன் தெரியுமா? ‘எம்புள்ளய வுட்டுப் போவாத, கூடவே இரு’ன்னு வேண்டினேன்டா. நீ?”

“உன் கையை எடுக்கச் சொல்லி வேண்டினேன்மா.”

அம்மா தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். இரண்டு பேரும் எதிரெதிராக இழுத்துக்கொண்டு ஒரே தாயைக் கூப்பிட்டிருக்கிறோம். அவள் என்னை விட்டும் போகவில்லை, அம்மா கையையும் எடுக்கவைத்தாள். இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. கையெடுத்துக் கும்பிடத்தான் தெரிகிறது.

பத்து நாள் கழித்து அந்த ஹோட்டலுக்குப் போனேன். சண்டைக்கு இல்லை. தோசையில் வேர்க்கடலை இல்லையென்றால் எனக்குள் எப்படி வந்தது என்று தெரிய வேண்டும். தோசை மாஸ்டர் என்னை அடையாளம் கண்டு வெலவெலத்துப்போனார். சமையல்கட்டுக்குள் கூட்டிப்போய்க் கல்லைக் காட்டினார். ஞாயிறு மட்டும் அவர்கள் வேர்க்கடலைப் பொடி தூவிய பொடி தோசை போடுகிறார்கள். அதே கல். ஒரு தோசை எடுத்ததும் தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் ஒரு வீசு, பிறகு அடுத்த மாவு. ஊரெல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள். துடைப்பத்தைத் தூக்கி என் கண்முன் பிடித்தார். குச்சிகளுக்கு நடுவே பொடி அப்பியிருந்தது.

“நீ தோசைல கடல கீதானு கேட்ட. இல்ல. சத்தியமா இல்ல. தொடப்பத்துல கீதுன்னு எனக்கு இன்னா தெரியும் நைனா?”

அவர் கண்ணில் தண்ணீர். நான் கேட்ட கேள்வியே பாதிக் கேள்வி. தோசையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். கல்லில், கரண்டியில், துடைப்பத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. படித்தவன் நான். எனக்கே தோன்றவில்லை, அவரை என்ன சொல்ல?

இப்போது எங்கே போனாலும் சமையல்கட்டு வாசல்வரை போய்க் கேட்கிறேன். தனிக் கல் உண்டா, தனிக் கரண்டி உண்டா, கடைசியாக இதில் என்ன போட்டீர்கள்? முகம் சுளித்தாலோ, தெரியாது என்றாலோ ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவேன். வெட்கம் போய்விட்டது. அந்த மாஸ்டர் எனக்கென்று ஒரு சின்னக் கல் வாங்கி ஆணியில் மாட்டிவைத்திருக்கிறார். தை மாதம் அம்மாவைக் கூட்டிப்போனேன். அம்மா இந்த முறை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். ஜாமெட்ரி பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு, என் ஒவ்வொரு விள்ளலையும் பார்த்துக்கொண்டே அவர் தோசையை முழுவதும் சாப்பிட்டார். கோயிலில் வேண்டியது அன்றைக்குக் கிடைத்தது.

இந்த ஆடி முதல் வாரம் கூழ் ஊற்றியபோது கவனித்திருப்பீர்கள். வேர்க்கடலை சுண்டல் தூரத்தில் தனி மேசையில் இருந்தது. கூழ்க் கரண்டியில் வேப்பிலை கட்டியிருந்தது, வேறெதிலும் அது படக்கூடாது என்பதற்கு அடையாளமாக. அது அம்மா செய்த ஏற்பாடு. “இன்னாத்துக்கும்மா இவ்ளோ?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் என் கதையைச் சொன்னார். கடைசியில், “தடிப்பு வந்தா வேப்பில தேடாத, வண்டியத் தேடு” என்று முடித்தார். யார் சொல்வது பாருங்கள்.

என் சகோதர சகோதரிகளே, உங்களில் யாருக்காவது இதுபோல் ஒரு பயம் இருந்தால், எதை வாயில் வைத்தாலும் நெஞ்சு படபடத்தால், அவளிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு டாக்டரிடமும் போங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்று இனி நினைக்காதீர்கள். அவள் வேப்பிலையில் மட்டும் வருவதில்லை. ஊசியிலும் வருவாள், முள்ளிலும் வருவாள். நான் கண்ணால் பார்த்தவன்.

என் ஜாமெட்ரி பாக்ஸ் இப்போது எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில், ஆத்தா படத்துக்குக் கீழே இருக்கிறது. நான் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா அதைத் திறந்து குப்பி இரண்டு இருக்கிறதா என்று விரலால் தொட்டு எண்ணுகிறார். மூடியில் குங்குமம் வைத்து என் கையில் கொடுக்கிறார்.

“ஆத்தாவை எடுத்துக்கினியாடா?” என்று கேட்கிறார்.

எடுத்துக்கொண்டேன் என்கிறேன்.