சிந்துவின் இரண்டு வருடங்கள்

காலை ஆறே முக்கால். சென்னை ரயிலை விட்டு இறங்கிய கையோடு எறணாகுளம் படகுத்துறைக்கு வந்து மட்டாஞ்சேரிப் படகில் ஏறினேன். பனியில் எதிர்க்கரை இல்லை. ஆகாயத்தாமரைக் கூட்டங்கள் தூக்கத்தில் நடப்பவர்களைப் போல மிதந்து போயின. 2003, தை மாதம். ஐந்து வருடங்களுக்கு முன் எங்கள் ஆய்வு நிறுவனத்துக்காக இங்கே வீடு வீடாகக் கேள்வி கேட்டிருந்தேன். அதே குடும்பங்களை மறுபடி பார்த்து, அவர்கள் வாழ்க்கை எவ்வளவு மாறியிருக்கிறது என்று எழுத வேண்டும்.

எட்டு மணி. சுக்கும் மிளகும் மணக்கும் தெருவைத் தாண்டி, தமிழ்க் குடும்பங்கள் வாழும் சந்தில் நுழைந்தேன். முதல் பெயர் மாரியம்மா. தெருக்கூட்டும் வேலை, கணவர் இல்லை, ஒரே மகள். வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள்.

"அவங்க வைப்பின் தீவுக்குப் போய் ரெண்டு கொல்லம்... ரெண்டு வருஷமாச்சு சேச்சி," என்றார் எதிர்ச் சாயாக்கடைக்காரர்.

'ஆள் இல்லை' என்று குறித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். மனம் வரவில்லை. அவரிடமே முகவரி கேட்டுக்கொண்டு, சந்தின் மற்ற வீடுகளை முடித்துவிட்டுக் கிளம்பினேன். ஃபோர்ட் கொச்சிக்கு மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு இருபது ரூபாய். அங்கிருந்து படகு. மீன்வலைகளும் கப்பல்களும் வெயிலில் கரைந்து மறைய, எங்கும் போகாமலே மிதப்பது போலிருந்தது.

பகல் ஒரு மணி. மாரியம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். "மெட்ராஸ் அக்காவா! எங்கள தேடியா வந்தீங்க?" வேகவைத்த மரவள்ளிக் கப்பையும் மீன்கறியும் வைத்தார். மகள் சிந்துவுக்கு இப்போது பதினாறு வயது. பள்ளிக்குப் போகாமல் தனியாகப் படித்துப் பத்தாவது பரீட்சை எழுதப் போகிறாள்.

படிப்பைப் பற்றிய கேள்வி வந்ததும் மாரியம்மா தலை குனிந்தார்.

"அம்மா, இப்பவாவது சொல்லு," என்றாள் சிந்து.

"அன்னிக்கு இவ ஸ்கூலுக்குப் போறான்னு சொன்னேன்ல அக்கா? பொய்யாக்கும். செம்மீன், அதான் இறால், உரிக்கிற ஷெட்டுக்குப் போயிட்டிருந்தா, ரெண்டு வருஷம். நீங்க பேனாவோட உக்காந்து கேட்டப்போ நாணமாப் போச்சு."

'இந்தச் சந்தில் எல்லாச் சிறுமிகளும் பள்ளியில் இருக்கிறார்கள்.' என் அறிக்கையில் பலரும் பாராட்டிய வரி அது.

"பழைய பதிலைத் திருத்த முடியாதும்மா. இப்போ படிக்கிறான்னு எழுதிக்கிறேன்," என்றேன்.

"அப்ப அந்த ரெண்டு வருஷம் நான் எவிடே போனேன் சேச்சி? உங்க புஸ்தகத்துல கிளாஸ்ல உக்காந்திருக்கேன். ஐஸ் வெள்ளத்துல கை மரத்து நின்னது ஆரு?"

படிவத்தைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தையும் பேனாவையும் அவளிடம் கொடுத்தேன். அவளுக்குத் தமிழ் எழுத வராது. மலையாளத்தில் பக்கம் நிறைய எழுதினாள். பிறகு எனக்காக வாசித்தாள். மாரியம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

மூன்றரை மணி. தொலைபேசிக் கடையிலிருந்து எங்கள் நிறுவன இயக்குநரை அழைத்தேன். "அந்த வரி தப்பு சார்."

"அச்சாயிடுச்சேம்மா."

"திருத்தம் போடணும் சார். என் பேரிலேயே போடுங்க."

"சரி, எழுதி அனுப்பு," என்றார். பிறகு அந்தத் திருத்தம் தனித்தாளாக அச்சாகி அறிக்கையில் சேர்ந்தது.

மாலைப் படகில் தண்ணீர் பொன்னாக அசைந்தது. சென்னையில் எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வருபவர் சில நாள் மகளையும் அழைத்து வருவார். என்ன படிக்கிறாள் என்று அவளை நான் ஒருநாளும் கேட்டதில்லை.