துப்பாக்கியை யார் கையில் கொடுப்பது

எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி இருக்கிறது என்றால் உடன் வேலை செய்பவர்கள் நம்புவதில்லை. ஒற்றைக்குழல், அப்பா பெயரில் உரிமம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் மக்காச்சோளம் இருக்கிறது. பன்றிக் கூட்டம் இறங்கும்போது வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டால் ஓடிவிடும். அதற்குத்தான் துப்பாக்கி. அந்த ஒரு சத்தத்துக்கான உரிமத்துக்காக அப்பா மூன்று வருடம் தாலுகா அலுவலகம், வனத்துறை, காவல் நிலையம் என்று அலைந்தார். நான் பொறியியல் முடித்த அன்று அரைக்கிலோ லட்டு வாங்கியவர், உரிமப் புத்தகம் கைக்கு வந்த அன்று இரண்டு கிலோ வாங்கினார்.

தேர்தல் அறிவித்துவிட்டால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, தேர்தல் முடிந்த பிறகு திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். போன தேர்தலில் அறுவடை வேலையில் அப்பா ஒரு நாள் தாமதித்தார். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இன்னொரு முறை தவறினால் உரிமத்தை ரத்து செய்யப் பரிந்துரைப்போம் என்று அதில் இருந்தது. இந்த முறையும் கடைசி நாள்வரை வந்துவிட்டோம். காரணம், உரிமப் புத்தகத்தைக் காணவில்லை. மூன்று நாள் தேடினோம். பத்திரமாக இருக்கட்டும் என்று அம்மா அதை பைபிளுக்குள் வைத்திருந்தார், வெளிப்படுத்தின விசேஷத்துக்கும் பின்னட்டைக்கும் நடுவில். கிடைத்தது கடைசி நாளன்றுதான். கெடு அன்று மாலை ஐந்து மணி.

என் வேலைக்காக நாங்கள் இப்போது ராஜபாளையத்தில் இருக்கிறோம். உரிமம் பழைய முகவரியில் இருப்பதால் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான் கொண்டுபோக வேண்டும். நான் ஒரு மருத்துவத் துணி ஆலையில் தரக் கட்டுப்பாடு பார்க்கிறேன். எதையும் பட்டியல் போடாமல் தொடங்க மாட்டேன். அன்றைக்கும் போனில் பன்னிரண்டு வரி இருந்தது. உரிமம் அசல், நகல் இரண்டு, ஆதார், போன முறை வாங்கிய ரசீது, குழலில் தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்ப்பது, இப்படி. உரிமதாரரைத் தவிர வேறு யாரும் துப்பாக்கியைக் கையில் வாங்கக் கூடாது என்பது ஒன்பதாவது. பதின்மூன்றாவதாக ஒரு வரி இருந்திருக்க வேண்டும். அது எனக்குத் தோன்றவில்லை.

துப்பாக்கியை உறையில் போட்டுத்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். பீரோவுக்குப் பின்னாலிருந்து உறையை எடுத்தபோது பாதியை எலி தின்றிருந்தது. வீட்டில் நீளமாகக் கிடந்த துணி எங்கள் ஆலையில் நெய்யும், காயத்துக்குக் கட்டுப்போடும் காஸ் துணிதான். அப்பா துப்பாக்கியைப் பிடித்துக்கொள்ள, அதையே சுற்றினேன். எட்டு மீட்டர் சுற்றியும் உள்ளே இருப்பது தெரிந்தது. காற்றோட்டமாக இருப்பதுதான் அந்தத் துணியின் தரம், நானே தினமும் சோதித்துச் சான்று கொடுக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் துப்பாக்கிபோல இருந்தது.

முதலில் கால் டாக்ஸி சொன்னோம். டிரைவர் அப்பாவைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார், வண்டியைப் பின்பக்கமாகவே எடுத்துக்கொண்டு தெருமுனைவரை போய்விட்டார். பஸ்ஸில் ஏறினோம். நிற்க இடமில்லாத பஸ்ஸில் மூன்று பேர் சீட் ஒன்று உடனே காலியானது.

கண்டக்டர் மட்டும் அசரவில்லை. "இதுக்கு லக்கேஜ் போடணும்."

"கைப்பொருளுக்கு எதுக்கு லக்கேஜ்?" என்றார் அப்பா.

"கைப்பொருளா? ஏறுனதுலேருந்து என் வயித்தப் பாத்துல்லா இருக்கு. மொதல்ல கீழ பாத்துப் பிடியும்."

ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையும் முன் தேர்தல் பறக்கும் படை பஸ்ஸை நிறுத்தியது. மூன்று பேர். வேளாண்மைத் துறையிலிருந்து தேர்தல் வேலைக்கு வந்திருந்த ஓர் அலுவலர், லத்தி மட்டும் வைத்திருந்த ஒரு போலீஸ்காரர், ஒரு வீடியோக்காரர். வீடியோக்காரர் கல்யாண வீடியோ எடுப்பவர் என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. அப்பா படியிறங்கும்போது, "மெதுவா இறங்குங்க ஐயா, லேசா இந்தப் பக்கம் பாருங்க" என்றார். அப்பாவும் பார்த்தார்.

அலுவலர் துணியைத் தொடாமல் கேட்டார். "இது என்னம்மா, அடிபட்டுருச்சா?"

நான் காகிதங்களை வரிசையாக நீட்டினேன். எல்லாம் சரியாக இருந்தது. எண்ணை மட்டும் ஒத்துப் பார்க்க வேண்டும் என்றார். எட்டு மீட்டரையும் அவிழ்த்தோம். கேமரா அப்பாவை வட்டமாகச் சுற்றி வந்தது. எண் சரி. மறுபடி சுற்றுவதற்காகத் துணியின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி" என்றார் அப்பா, மிக மெல்ல. "எனக்கு வருது."

"என்னது வருது?"

அவர் சாலையோரப் புளியமரத்தைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது. போன வாரம் டாக்டர் ரத்த அழுத்தத்துக்குப் புது மாத்திரை கொடுத்திருந்தார். நிறைய நீர் பிரியும், பயப்படாதீர்கள் என்று சொல்லித்தான் கொடுத்தார்.

"செத்த நேரம் பொறுங்கப்பா. கால் மணி நேரத்துல ஸ்டேஷன்."

"அம்புட்டு நேரம் தாங்காது."

"அப்போ போயிட்டு வாங்க."

"இத?" என்று துப்பாக்கியைக் காட்டினார்.

நான் வாங்க முடியாது. அது ஒன்பதாவது வரி. போலீஸ்காரரைப் பார்த்தேன். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் கையில வாங்குனா அது பறிமுதல்ம்மா. பறிமுதல்னா எழுதணும். எழுதுனா கோர்ட்டுக்குப் போயிரும். பொறவு அப்பாவுக்குத் திரும்ப வர எம்புட்டு வருசமோ."

அலுவலர் இரண்டடி பின்னால் போனார். "நான் விதை, உரம் பாக்குறவன்மா. பயிற்சி வகுப்புல இதெல்லாம் சொல்லித் தரல."

"சீட்டுல வச்சுட்டுப் போட்டுமா?" என்றார் அப்பா.

"கேட்பாரில்லாத ஆயுதம் ஆயிரும் ஐயா. அது இதவிட மோசம்" என்றார் போலீஸ்காரர்.

சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு பெட்ரோல் பங்க். அதன் ஓரத்தில் கழிவறை. நான் யோசித்து ஒரு வழி சொன்னேன். துப்பாக்கி அப்பா கையிலேயே இருக்கட்டும், போலீஸ்காரர் கூடப் போகட்டும். அலுவலர் தன்னிடமிருந்த சுற்றறிக்கையைப் புரட்டிப் பார்த்து ஒரு திருத்தம் சேர்த்தார். சோதனையில் இருக்கும் ஆயுதம் கேமராவை விட்டு மறையக் கூடாது. ஆகவே வீடியோக்காரரும் போக வேண்டும்.

"கல்யாணத்துக்குக்கூட என்னை இம்புட்டு வீடியோ எடுக்கலயே" என்று சொல்லிக்கொண்டே அப்பா வேகமாக நடந்தார்.

சாலையில் வண்டிகள் விடாமல் வந்துகொண்டிருந்தன. போலீஸ்காரர் முன்னால் போய், இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்துவதற்காக இரண்டு கைகளையும் உயர்த்தினார். நான்கடி பின்னால் துப்பாக்கியோடு அப்பா. அவசரத்தில் முகம் கடுகடுவென்று இருந்தது. பங்கில் பணம் வாங்கிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்து அவரும் கைகளைத் தூக்கினார். பஸ்ஸின் ஜன்னல்களில் வரிசையாகப் போன்கள் நீண்டிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன்.

கழிவறைக்கு இடுப்புக்கு மேல் கொஞ்ச உயரம்வரைதான் கதவு. போலீஸ்காரர் சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றார். வீடியோக்காரர் கதவுக்கு மேலே தெரிந்த குழலின் நுனியை விடாமல் எடுத்தார். நெடுநேரம் எடுத்தார். டாக்டர் சொன்னது உண்மைதான். நடுவில், "கூச்சப்படாதீங்க ஐயா, குழல் மட்டுந்தான் ஃப்ரேம்ல இருக்கு" என்றும் சொன்னார்.

திரும்பி வரும்போது அப்பா வேறு மனிதராக இருந்தார். அலுவலருக்கு வணக்கம் சொன்னார், சோள விதை எப்போது வரும் என்று விசாரித்தார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே எங்களை ஏற்றினார். துணியை மறுபடி சுற்ற நேரம் இருக்கவில்லை. மேலோட்டமாக இரண்டு சுற்று சுற்றினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் நான்கு போலீஸ்காரர்கள் எங்களுக்காக நின்றார்கள். பஸ்ஸிலிருந்து யாரோ எடுத்த வீடியோ எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. பதினெட்டு நொடி. கைகளைத் தூக்கிக்கொண்டு போலீஸ்காரர் நடக்கிறார், பின்னால் துப்பாக்கியோடு ஒரு முதியவர். 'பட்டப்பகலில் துப்பாக்கி முனையில் போலீஸ் கடத்தல்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். எங்கள் சபையின் வாட்ஸ்அப் ஜெபக் குழுவிலும் வந்திருந்தது. நான்கு பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள்.

காவல் நிலையத்தை அடைந்தபோது மணி நாலே கால். இன்ஸ்பெக்டர் ஒரு பெண், என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். துப்பாக்கி அப்பா மடியில்தான் இருந்தது. ரசீது போடும் எழுத்தர் பேனாவை மூடி வைத்திருந்தார்.

"இது வழக்காயிருச்சுன்னா ரசீது கிடையாது" என்றார் இன்ஸ்பெக்டர். "உரிமம் போயிரும். என்ன நடந்துச்சு?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "பறக்கும் படை முழுசா வீடியோ எடுத்திருக்காங்க மேடம்" என்றேன்.

கேட்டு வாங்கினார்கள். மேசைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டார்கள். பதினோரு நிமிடம். அப்பா படியிறங்கியது, எண் பார்த்தது, சாலையைக் கடந்தது எல்லாம் தெளிவாக இருந்தன. பிறகு கதவும் குழலும் வந்தன. அந்தப் பகுதி வந்ததும் அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. எழுத்தர் ஜன்னல் பக்கம் திரும்பினார், அவர் தோள் குலுங்கியது.

"சவுண்டக் கொறைங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

மணி நாலரை.

"கடத்தல் இல்லன்னு மறுப்பு போட்டுறேன். ஆனா எனக்கு உங்க கையெழுத்துல ஒரு வாக்குமூலம் வேணும். என்ன நடந்துச்சு, எதுக்குப் போனீங்க, எல்லாம்."

அப்பா மெல்லக் கேட்டார். "மறுப்புலயும் காரணம் வருமாம்மா?"

"வரும்ல."

"அப்போ கடத்தல்னே இருந்துட்டுப் போட்டும்மா. சொந்தக்காரங்க எல்லாம் அந்தக் குரூப்புல இருக்காக."

"அப்பா" என்றேன்.

"ஒனக்கென்னட்டி. நாளைக்குக் கோயில்ல நாந்தான காணிக்கத் தட்டோட நிக்கணும்."

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைக் காட்டினார். நான் தாளை வாங்கி, வாக்கியத்தை அமைத்துக் கொடுத்தேன். 'உடல் சார்ந்த ஓர் அவசரத் தேவை காரணமாக.' இன்ஸ்பெக்டர் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இது நெஞ்சு வலியா, மயக்கமா? மேல கேப்பாங்க. தெளிவா எழுதுங்க."

நாலு நாற்பது. அப்பா என் கையிலிருந்து பேனாவை வாங்கினார். துப்பாக்கி மடியில் குறுக்காகக் கிடக்க, அதன் மேலேயே தாளை வைத்து, நான் எழுதியதை அடித்துவிட்டு எழுதினார். 'எனக்குச் சிறுநீர் முட்டியதால் போனேன். ஆயுதத்தைக் கடைசிவரை என் கையை விட்டு இறக்கவில்லை.' கையெழுத்துப் போடும் முன் கொஞ்சம் யோசித்து, 'போனேன்' என்பதற்கு மேலே இடம் பிடித்து, 'காவலரின் அனுமதி பெற்று' என்று சேர்த்தார்.

எழுத்தர் பேனாவைத் திறந்தார். ரசீதில் நேரம் நாலு ஐம்பத்திரண்டு என்று இருக்கிறது. நான்தான் இரண்டு முறை பார்த்தேன். அப்பா பார்க்கவில்லை. அவர் தன் வாக்குமூலத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் அதை நான்காக மடித்து மேசைக்குள் வைப்பார் என்று எதிர்பார்த்திருப்பார் போலும். இன்ஸ்பெக்டரோ அதை உரிமக் கோப்பில் எச்சரிக்கைக் கடிதத்துக்கு மேலே வைத்து, பட்டென்று ஒரு பின் அடித்தார்.

உரிமம் இருக்கிறது. இனி அதைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும், கோப்பைத் திறக்கும் யாரோ ஒருவர் முதலில் அந்தத் தாளைத்தான் படிப்பார்.