ஒன்பதாம் தீர்மானமும் ஆர்டிஸ் லபவுண்டியும்

ஆர்டிஸ் லபவுண்டிக்கு மூக்கு நுனியில் கோபம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் யார் என்று பார்த்தால், கைபேசியில் எது வந்தாலும் ஒரு வரிகூடப் படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறவர்கள். ஆர்டிஸ் படிப்பாள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்கப் படிப்பாள். எதிரே அவள் கணவன் கிளேட்டன் உருளைக்கிழங்கை வெட்டி வெட்டி வாயில் போட்டுக்கொண்டிருப்பான்.

"கேட்டியா இதை? 'எப்போது வேண்டுமானாலும், முன்னறிவிப்பின்றி'யாம்! நம்ம வீட்டுக்குள்ள புகுந்து நம்ம சோபாவைத் தூக்கிட்டுப் போவான், நமக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டானாம்!"

"ம்" என்பான் கிளேட்டன். பண்ணை பண்ணையாகப் போய்க் கறவை எந்திரம் பழுது பார்க்கிறவன். அந்த ஒரு எழுத்தை வைத்துக்கொண்டே முப்பது வருடம் குடும்பம் நடத்தியவன்.

அவள் பிறக்கும்போதே இப்படிப் பிறந்துவிடவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். எல்லோரையும் போல அவளும் அழுத்திக்கொண்டிருந்தவள்தான். அவளுடைய அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாமே என்று ஒரு மின்னணுப் புத்தகக் கருவி வாங்கிக் கொடுத்தாள். அம்மாவுக்குத் துப்பறியும் கதை என்றால் உயிர். ஒருநாள் கருவியைத் திறந்தால் ஒரு புத்தகம்கூட இல்லை. விற்ற நிறுவனம் கடையை மூடிவிட்டதாம். ஆர்டிஸ் போன் போட்டாள். மறுமுனையில் ஒரு தேன்குரல், "நீங்கள் புத்தகம் வாங்கவில்லை மேடம், படிக்க அனுமதிதான் வாங்கினீர்கள்" என்றது. அம்மா ஒரு கதையின் நடுவில் இருந்தாள். கொலைகாரன் யாரென்று தெரியாமலே போய்ச் சேர்ந்தாள்.

அன்று ஏறிய கோபம் இறங்கவே இல்லை. கம்பெனி மை போடாவிட்டால் அச்சடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்த பிரிண்டரைக் குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோய், கிடங்குக்காரனுக்கு எதிரிலேயே கோடரியால் பிளந்தாள். தன் பழைய கணினியில் இருந்ததை வழித்துத் துடைத்து எறிந்துவிட்டு, யாருக்கும் சொந்தமில்லாத, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம் என்கிற இலவச மென்பொருளைத் தானே ஏற்றினாள். பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்குப் பலகைக் கணினி கொடுத்தபோது, "பிள்ளை என்னத்தைத் தேடுதுன்னு எவனோ உக்காந்து குறிச்சுக்கிறான்" என்று போய் நின்றாள். தேவாலயத்தில் பாட்டுப் புத்தகத்துக்குப் பதில் திரை வைத்தபோது, "சந்தா கட்டலைன்னா சாமி பாட்டும் கிடையாதா?" என்று பாதிரியாரையே மடக்கினாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே குரல், ஒரே கொதிப்பு. பிரிண்டருக்கும் அதே சத்தம், பிள்ளைகளுக்கும் அதே சத்தம். நாளடைவில் அவள் வாயைத் திறந்தாலே ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கண்ணடிக்க ஆரம்பித்தார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் பேஜர் விவகாரம் வந்தது.

எங்கள் ஊரில் சம்பளத்துக்குத் தீயணைப்பு ஆட்கள் கிடையாது. பேருந்து ஓட்டுகிறவளும் பால் கறக்கிறவனும்தான் தீயணைப்புப் படை. ஆர்டிஸ் படையின் துணைத் தலைவி. கிளேட்டன் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். ஆளுக்கொரு பேஜர் இடுப்பில் இருக்கும். அது கூவினால் போட்டது போட்டபடி ஓட வேண்டியதுதான். ஊர் மன்றத் தலைவர் மெர்ல் ஸ்டாடர்டுக்கு ஒரு யோசனை பிறந்தது: பேஜரும் அதற்கு அலை அனுப்பும் கோபுரமும் பழசாகிவிட்டன, ஒரு நிறுவனம் கைபேசியில் போட்டுக்கொள்ளும் ஆப்பை இலவசமாகவே தருகிறது, இனி அதுவே போதும். வாக்காளர்கள் எல்லோரும் கூடி முடிவெடுக்கும் மார்ச் மாத ஊர்க் கூட்டத்தில் ஒன்பதாம் தீர்மானமாக அதை வைத்தார்.

இலவசமாம்! ஆர்டிஸ் அந்த ஆப்பின் நிபந்தனைகளை முழுக்கப் படித்தாள். படைக்காரர்கள் எங்கே போகிறார்கள், எங்கே தூங்குகிறார்கள் என்பதெல்லாம் நிறுவனத்துக்குத் தெரியும். அதை அவர்கள் யாருக்கும் கொடுக்கலாம். நினைத்தால் சேவையை நிறுத்தலாம். செய்தி போய்ச் சேராவிட்டால் பொறுப்பேற்க மாட்டார்கள். இதெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். படையில் பாதிப்பேர் இருப்பது டட்டன் பள்ளத்தில். அங்கே கைபேசிக்கு சிக்னல் ஒரு கோடுகூட ஏறாது. வீட்டுக்குள் தொலைபேசிக் கம்பி வழியாகத் தள்ளாடி வரும் இணையமும், புயலில் மின்சாரம் போனால் சேர்ந்து போய்விடும். பேஜர் அப்போதும் கூவும். ஆர்டிஸின் வீடும் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது.

இந்த முறை பிரிண்டர் கதை இல்லை, இது உயிர் விஷயம் என்று அவளுக்கே தெரிந்தது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சை ஒத்திகை பார்த்தாள். கத்தக் கூடாது, பழைய புராணம் எதையும் எடுக்கக் கூடாது, பள்ளத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு உட்கார வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள்.

"சரியா இருக்கா கிளேட்டன்?"

"ம்."

ஊர்க் கூட்டத்தன்று ஊரே மண்டபத்தில்தான் இருக்கும். மாடியில் கூட்டம், கையைத் தூக்கியோ 'ஆமாம்', 'இல்லை' என்று சத்தம் போட்டோ வாக்கு. கீழே நிலவறையில் மத்தியானச் சாப்பாடு. சாப்பாடு போடுவது வழக்கமாகத் தீயணைப்புப் படை. ஒன்பதாம் தீர்மானம் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வரும் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால், ஆர்டிஸும் மற்றப் படைக்காரர்களும் கீழே அவரை விதையும் பன்றித் தொடையும் வைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இங்கே அவரை என்றால் இனிப்புப் பாகு ஊற்றி நாள் முழுக்க வேகவைப்பது. கிண்டாமல் விட்டால் அடிபிடிக்கும். கிளேட்டன் நாற்காலி போட மாடிக்குப் போயிருந்தான்.

திடீரென்று மேலே 'ஆமாம்' என்று ஒரு பெரிய சத்தம். ஆர்டிஸ் கண்டுகொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, காபி எடுக்க வந்த ஒருத்தி, "பேஜர் விஷயம் சட்டுன்னு முடிஞ்சிடுச்சே! நான் கூட சாயந்தரம் ஆயிடும்னு பயந்தேன்" என்றாள்.

ஆர்டிஸ் கையில் கரண்டியோடு படியேறினாள். பாகு படி முழுக்கச் சொட்டியது. மேலே ரோட்டுக்குச் சரளை போடுவதைப் பற்றி யாரோ பேசிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க! ஒன்பதாம் தீர்மானம் எப்ப எடுத்தீங்க?"

கூட்டத்தை நடத்துகிற லெனோரா ஃபிஸ்க் எழுந்தாள். நல்ல மனுஷி, நேர்மையானவள். "முன்னாடி எடுக்கணும்னு ஒரு கோரிக்கை வந்துச்சு ஆர்டிஸ். யாரும் மறுக்கல. எடுத்தோம், நிறைவேறிடுச்சு."

"திரும்ப எடுங்க."

"அடுத்த தீர்மானம் ஆரம்பிச்சாச்சே. இனிமே இன்னிக்கு அதைத் தொடக் கூடாது. சட்டம் உனக்குத் தெரியாததா?"

"படைக்காரங்க எல்லாம் கீழ உங்களுக்கு வடிச்சுக் கொட்டிட்டு இருக்கோம்! எந்த அயோக்கியன் முன்னாடி எடுக்கச் சொன்னது? மெர்ல், நீயா?"

முன்வரிசையில் இருந்த மெர்ல் ஸ்டாடர்டு இரண்டு கையையும் விரித்தார். "அம்மாடி, சத்தியமா நான் இல்ல!" சிலர் சிரித்தார்கள். லெனோரா மட்டும் சிரிக்காமல் தன் காகிதங்களைப் பார்த்தாள்.

"கேட்டது கிளேட்டன்" என்றாள்.

சுவரோரம் மடக்கு நாற்காலியோடு நின்றுகொண்டிருந்தான் அவன். தண்ணீர் லாரி ஓட்டுகிறவனே எழுந்து கேட்டால் படைக்குச் சம்மதம் என்றுதானே ஊர் நினைக்கும்? நினைத்தது. ஆர்டிஸ் அவனைப் பார்த்தாள். திரும்பிக் கீழே இறங்கினாள். ஆர்டிஸ் லபவுண்டி வாயைத் திறக்காமல் ஓர் இடத்தை விட்டுப் போனதை ஊர் அன்றுதான் பார்த்தது.

கிளேட்டன் பின்னாலேயே ஓடி வந்தான். மற்றவர்கள் சட்டியைத் தூக்கிக்கொண்டு மெல்ல நகர்ந்துவிட்டார்கள்.

"ஏன்?" என்றாள்.

"கடையில பந்தயம் கட்டிட்டு இருந்தாங்க, ஆர்டிஸ். நீ எவ்வளவு நேரம் பேசுவேன்னு பந்தயம். பிரிண்டரைப் பத்தி எத்தனாவது நிமிஷத்துல பேசுவேன்னு பந்தயம். நான் ஆணி வாங்கிட்டு நிக்கிறேன், என் கண்ணு முன்னாடியே. எப்படியும் அது நிறைவேறத்தான் போகுது. உன்னை வெச்சு ஊரே சிரிக்கிறதை உக்காந்து பாக்க என்னால முடியல."

"அதனால என் வாயை அடைச்சுட்டே."

"உன் மானத்தைக் காப்பாத்தலாம்னு..."

"என் மானத்தை நான் உன்கிட்டயா குடுத்து வெச்சிருக்கேன்?" கரண்டியை மேஜையில் அறைந்தாள். "எவனோ எங்கேயோ உக்காந்து, என்னைக் கேக்காம, என் நல்லதுக்குன்னு எனக்காக முடிவு பண்றான்னுதானேடா இத்தனை வருஷமா கத்துறேன்? நீ எதிரே உக்காந்து தின்னுட்டு இருந்தியே, ஒரு நாளாவது காதுல விழுந்துச்சா? அவங்க சிரிச்சா நான் செத்துட மாட்டேன், கிளேட்டன். பேஜர் கூவலைன்னா எவனாவது செத்துப் போவான்!"

அவனிடமிருந்து அந்த 'ம்' கூட வரவில்லை.

சாப்பாடு போட்டாள். அவளைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கெல்லாம், தட்டு நிறையப் போட்டாள். அது அவரவர் தொண்டையில் எப்படி இறங்கியதோ தெரியாது.

ஒரு வழி பாக்கி இருந்தது. வாக்காளர்களில் இருபதில் ஒருவர் கையெழுத்துப் போட்டு ஒரு மாதத்துக்குள் மனுக் கொடுத்தால், ஊர் மறுபடி கூடித் தீர்மானத்தை எடுத்தாக வேண்டும். ஆர்டிஸ் அன்று மாலையே மனுவைக் கைப்பட எழுதினாள். கோட்டை எடுத்து மாட்டும்போது கிளேட்டன் வாசலில் வந்து நின்றான்.

"நான் போறேன்" என்றான்.

"எங்கே?"

"வீடு வீடா."

"நீயா? பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட மழை வருமான்னு கேக்கவே உனக்கு நாக்கு எழாது."

"நான்தானே கெடுத்தேன்."

ஆர்டிஸுக்கு அவன்மேல் இருந்த ஆத்திரம் துளியும் தணியவில்லை. மனுவை மேஜையில் வைத்து, "உக்காரு. முதல்ல படி. சத்தமா" என்றாள். படித்தான். ஆப்பின் நிபந்தனைகளையும் எடுத்து வைத்தாள். அதையும் தடுக்கித் தடுக்கிப் படித்தான். 'செய்தி சென்றடையாததால் நேரும் உயிரிழப்புக்கு' என்ற வரி வந்ததும் நிறுத்தி, அதையே இரண்டாம் முறை படித்தான்.

"இதை நீ எனக்குச் சொல்லவே இல்லையே" என்றான்.

"இதே மேஜையில படிச்சேன். நீ கறி வேணும்னு கேட்டே."

மறுநாள் வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு கிளம்பியவன், பொழுது சாயும் நேரத்துக்குத் திரும்பினான். சேறு அப்பிய பூட்ஸைக் கழற்றாமல் நேரே சமையலறைக்குள் வந்தான். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"என்ன ஆச்சு? விழுந்தியா?"

"மெர்ல் சிரிச்சான்."

ஆர்டிஸ் அடுப்பை அணைத்தாள்.

"'என்னப்பா, பொண்டாட்டி துரத்திட்டாளா? அடுத்த மனு பிரிண்டர் மேலயா?'ன்னு கேக்கறான். தாளை நீட்டறேன், பாக்கவே மாட்டேங்கறான். பள்ளத்துல கோடே ஏறாதுய்யான்னு சொல்றேன், சொல்றேன், அவன்பாட்டுக்கு சிரிச்சுட்டே இருக்கான். நான் சொல்றது ஒண்ணுகூட அவன் காதுல ஏறல, ஆர்டிஸ். ஒண்ணுகூட! அவன் மாட்டுக் கொட்டகை எரிஞ்சப்போ பேஜர் கூவித்தானே நான் தண்ணி கொண்டு போனேன்? பன்னெண்டு மாட்டை வெளிய இழுத்தது யாரு?"

இவ்வளவு வார்த்தை ஒரே மூச்சில் அவன் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதே இல்லை.

"நீ என்ன பண்ணினே?"

"கத்தினேன்."

"நீயா?"

"அவன் வீட்டு நாய் ஓடிப் போயிடுச்சு. 'முதல்ல படிடா, அப்புறம் சிரி'ன்னு கத்தினேன். கதவை மூடப் பாத்தான். பூட்ஸை நடுவுல வெச்சேன். படிக்க வெச்சேன், முழுசா, நின்னபடியே. அந்த உயிரிழப்பு வரிக்கு வந்ததும் அவன் சிரிப்பு போச்சு."

"கையெழுத்து?"

தாளை மேஜைமேல் போட்டான். வேண்டியதில் பாதி விழுந்திருந்தது. நடுவில் மெர்ல் ஸ்டாடர்டின் கோணல் எழுத்து.

ஆர்டிஸுக்கு அழுகை வந்தது. மெர்ல் கையெழுத்துப் போட்டதற்காக இல்லை. இத்தனை வருடமாக இந்த வீட்டில் தனியாகக் கோபப்பட்டுக்கொண்டிருந்தவள் அவள். அவன் பார்த்துவிடக் கூடாதென்று திரும்பி நின்று, தட்டை எடுத்து உருளைக்கிழங்கு வைத்தாள்.

"உக்காந்து சாப்பிடு. மேட்டுத் தெருவுக்கு நாளைக்கு நான் போயிக்கறேன்."

"நீ போகாதே" என்றான் கிளேட்டன். அவன் உட்காரவில்லை, கதவுப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "நானே போறேன். எனக்கு இன்னும் கோபம் தீரல."