ஒட்டுச் சுவரில் ஒரு கண்ணாடித் துண்டு

அக்காவின் தையல் மெஷின் எந்தச் சுவரை ஒட்டி நின்றதோ, அந்தச் சுவரில்தான் விரிசலும் விழுந்தது. அன்று காலை அவள் மோட்டாரைப் போட்டு மிதியில் கால் வைத்தாள். தலைமேல் சுண்ணாம்புப் பொடி உதிர்ந்தது. நிமிர்ந்தால், கூரையிலிருந்து மயிரிழைபோல ஒரு கோடு இறங்கியிருந்தது. அக்காவைப் பொறுத்தவரை வழக்கு அந்த நொடியே முடிந்துவிட்டது. குற்றவாளி அவள் கால்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டை இடித்துவிட்டு அடித்தளத்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். தோளோடு தோள் ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தக் குழிதான் காரணம் என்று நாங்கள் சொல்லி அவள் கேட்டால்தானே? குழி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த இன்ஜினீயர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க மெஷின் அதிர்வாத்தாம்மா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் அவளுக்கு வேதவாக்கு.

ஆஸ்பத்திரி நோயாளிகள் போட்டுக்கொள்ளும் அங்கி தைப்பதுதான் அக்காவின் தொழில். முதுகுப்பக்கம் திறந்து, நாடா வைத்துக் கட்டுவது. தைத்த ஒவ்வொரு நாடாவையும் வெடுக்கென்று இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மடிப்பாள். "ஆபரேஷனுக்குப் போறவங்க மானம் இதுலதான்டா தொங்குது" என்பாள். அந்த மிதியை மிதித்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். கிராமத்திலிருந்து வந்து, எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியவன் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. அக்காவுக்கோ துளியும் இல்லை. பட்டமளிப்பு அங்கியும் தொப்பியுமாக நான் நிற்கும் போட்டோவை அந்தச் சுவரில்தான் மாட்டியிருந்தாள். விரிசல் அதன் பின்னால் புகுந்து மறுபக்கம் வெளியே வந்திருந்தது.

"உன் தம்பி வாங்கின பட்டத்தோட கனம் தாங்காம செவுரு விட்டுருச்சு" என்றார் அத்தான். பஸ் டிரைவர், நெரிசலிலும் கேலி பேசுகிறவர்.

"சும்மா இருங்களேன்."

அவள் மோட்டாரின் பிளக்கையே பிடுங்கிப் போட்டுவிட்டாள். சமையலறையில் உட்கார்ந்து கையால் நாடா தைத்தாள். வெட்டி வைத்த துணி கட்டில்மேல் குவிந்தது. வாரக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் ஆஸ்பத்திரி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். அத்தான் வேறு வீடு தேடி அலைந்தார். வீட்டில் யாரும் கதவை அடித்துச் சாத்தவில்லை. தும்மல் வந்தால்கூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டோம்.

கல்லூரியில் இந்த ஒட்டுதலைப் பல வகுப்புகளில் படித்திருக்கிறேன். நடுவில் இடைவெளி இல்லாத இரண்டு நிலங்களைப் பற்றிப் புவியியலில் சொன்னார்கள். ஒரு கோப்பின் துண்டுகளைப் பக்கம் பக்கமாக அடுக்கி வைப்பதைக் கணினிப் பாடத்தில் கேட்டேன். அடுத்தடுத்து நடக்கும் இரண்டு விஷயங்களை மனம் தானாகவே சேர்த்துக்கொள்ளும் என்று உளவியல் ஆசிரியை சொன்னார். பரீட்சைக்குத் தனித்தனியாக மனப்பாடம் செய்ததெல்லாம் எங்கள் முன்னறையில் ஒன்றாக வந்து நின்றது. குழி சுவரை ஒட்டி இருந்தது. பயமோ அக்காவின் காலை ஒட்டிக்கொண்டது.

"அக்கா, நீ மிதிச்சதும் விரிசல் விட்டதும் ஒரே நேரத்துல நடந்திருக்கு, அவ்வளவுதான். மனசு ரெண்டையும் முடிச்சுப் போட்டுருச்சு."

"ஏன்டா, இந்தச் செவுரு விழாதுன்னு உன் புஸ்தகத்துல எங்கயாவது போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை.

கட்டடப் படிப்பு படித்த நண்பனைப் போனில் பிடித்தேன். விரிசலின் இரண்டு கரையையும் பிடித்தாற்போல மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டச் சொன்னான். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். ஒட்டினேன். மோட்டார் ஓடாதபோது உடைந்தால் பழி அக்காமேல் இல்லை என்று பேசிக்கொண்டோம்.

"உடையவே இல்லன்னா?"

"அப்ப மோட்டாரைப் போட்டுப் பாப்போம்."

"நீ பாரு. நான் தெருவுல நிக்கிறேன்."

அதன்பிறகு அவளுக்கு எந்த வேலையும் ஓடவில்லை. அடுப்பில் பால் பொங்கினாலும் கண் கண்ணாடிமேல்தான். உடைந்தால் வீடு போகும்; உடையாவிட்டால் பழி நிற்கும். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் தவித்தாள்.

மறுநாள் மதியம் பக்கத்தில் மண் அள்ளும் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அக்கா சமையலறை வாசலில் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தாள். டிக் என்று ஒரு சத்தம். கண்ணாடி நட்டநடுவே இரண்டாகியிருந்தது.

"நான் மிதிக்கல! தம்பி, நான் மிதிக்கவே இல்லடா!"

வீடு நகர்கிறது, இவள் சிரிக்கிறாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது.

"அதை வெளியில வந்து சொல்லுடி!" என்று அத்தான் கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அக்கா மெஷின் தலையைக் கழற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். துணி மூட்டை என் தோளில்.

தெருவில் இன்ஜினீயரை மறித்துக்கொண்டு நின்றாள். "பிளக் புடுங்கிக் கெடக்கு. உள்ள வந்து கண்ணாடியைப் பாருங்க சார்." பார்த்தார். வெளியே வந்து, நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். உறுமல் நின்றது. சாயங்காலத்துக்குள் சுவருக்கு இரும்பு முட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த வீட்டில் இனி படுக்க முடியாது.

அத்தானோடு பஸ் ஓட்டுகிறவர் தன் வீட்டில் ஓர் அறையைக் கொடுத்தார். அக்கா மெஷினை எந்தச் சுவரையும் ஒட்டவிடவில்லை; அறையின் நட்டநடுவில் போடச் சொன்னாள். மோட்டாரைப் போட்டாள். பாதம் மிதிக்கு மேலேயே நின்றது.

"தம்பி, செவுத்தைப் பாத்துக்கோடா."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். மிதிக்கா."

மிதித்தாள்.