நர்ஸம்மா நுழைந்த பக்கவாட்டு கேட்

ரூபி நர்ஸம்மா இறந்துபோனதை எனக்கு யாரும் அழைத்துச் சொல்லவில்லை. நானே போன் போட்டுத் தெரிந்துகொண்டேன். சனிக்கிழமை காலையில், கேளம்பாக்கம் பேருந்தில் உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்பது என் வழக்கம். "கெடைக்காம எங்க போவும்? முட்டியால ரெண்டு இடி வுட்டா தானா நவுருவான்" என்று சொல்வது அவர் வழக்கம். அன்று எடுத்தது ஓர் ஆண் குரல்.

"யாரு சார் நீங்க? இந்தம்மா உங்களுக்கு இன்னா வோணும்?"

"கூட வேலை பார்த்தவன். அவங்க எங்க?"

"ஆஸ்பத்திரில சார். செங்கல்பட்டு ஸ்டாண்டுல, பஸ் கெளம்பறதுக்கு மின்னியே, உக்காந்துகினே போய்ட்டாங்க. நான் அவுட்போஸ்ட் போலீஸ். போன் லாக் ஆயிக்கீது, யாரையும் கூப்ட முடியல. பையில ஒரு கார்டு இருந்துச்சு, கேளம்பாக்கத்துல ஏதோ அபார்ட்மெண்ட். அந்த கேட்டுக்கு போன் போட்டா, வூட்டு வேலைக்கு வர்ற அம்மா, சொந்தக்காரங்க யாருன்னு தெரியாதுன்றான்."

அந்த அபார்ட்மெண்டின் ஏழாவது மாடியில் அப்போது காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் அவர் பெற்ற ஒரே மகன்.

கருங்குழியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் இதைப் படிப்பவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேருக்கு முதல் ஊசி போட்டவர் அவர். எங்கள் சுகாதார நிலையத்தில் அவர் கிராம செவிலியர், நான் மருந்தாளுநர். பெயர்ப் பலகையில்தான் மருந்தாளுநர், அவருக்கு நான் கடைசிவரை கம்பவுண்டர். இருவரும் ஓய்வு பெற்ற பிறகும் எனக்குச் சர்க்கரை பார்க்க வீட்டுக்கே வந்து, என் மனைவி முன்னால் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டுப் போவார். இரக்கமாக ஒரு வார்த்தை அவர் வாயில் நான் கேட்டதில்லை. நல்லவர் என்று அவரைச் சொன்னால் அவரே எழுந்து வந்து சண்டைக்கு நிற்பார்.

ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நாள். மனைவியை அடித்துத் தாய் வீட்டுக்குத் துரத்திவிட்ட ஒருவன், கைக்குழந்தையோடு தனியாக வந்து வரிசையில் நின்றான். எங்கள் அட்டையில் தாயின் பெயர்தான் முதலில். நர்ஸம்மாவும் அப்படித்தான் கேட்பார்.

"புள்ள பேரு அப்புறம். அம்மா பேரு இன்னா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுத்தான்.

"கேக்கல. சத்தமா சொல்லு. பெத்தவ பேரு வாயில வரல, புள்ளைய தூக்கிகினு வந்துட்டான்."

வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்க, அவன் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது முறை அழுதுவிட்டான். நர்ஸம்மா அவனை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் குழந்தையின் தொடையைத் துடைத்து ஊசியைப் போட்டார். கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டீர்கள் என்று பிறகு சொன்னேன். "ஊசின்னா குத்தத்தான் செய்யும், கம்பவுண்டரே" என்றார்.

அப்படிப்பட்டவர் சனிக்கிழமை வந்தால் வேறு ஆள். தடுப்பூசி எடுத்துப் போகும் நீலப் பெட்டி ஒன்று, மூடி உடைந்து கழித்துப் போட்டதை, கேட்டு வாங்கி வைத்திருந்தார். மதுராந்தகம் ஏரி விராலை வாங்கி, ஆய்ந்து, ஐஸ் போட்டு அதில் அடுக்கிக் கயிற்றால் கட்டுவார். கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறவனுக்கு மீன் தூக்கிக்கொண்டு போவதா என்று கேட்டால், "எம் புள்ளைக்கு ஏரி மீனுதான் எறங்கும்" என்பார். செங்கல்பட்டு வரை ஒரு வண்டி, அங்கிருந்து திருப்போரூர் வழியாக இன்னொரு வண்டி, கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ. வழி முழுக்கப் பெட்டி மடியில்தான் இருக்கும்.

கோவளத்தில் இருக்கும் என் தங்கையைப் பார்க்கப் போன ஒரு சனிக்கிழமை நானும் அவருடன் போனேன். "பொட்டி தூக்க ஆள் கெடச்சிட்டான்" என்று பேருந்திலேயே அறிவித்தார். அபார்ட்மெண்ட் வாசலில் காவலாளி என்னை நிறுத்தி, பெயர் கேட்டு, மேலே போன் செய்து அனுமதி வாங்கினார். நர்ஸம்மா நிற்கவில்லை. கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிக்கொண்டு பக்கவாட்டு கேட்டில் நுழைந்துவிட்டார். அட்டையில் அவர் படம், வீட்டு எண், கீழே 'வீட்டு உதவி'. குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்த லிஃப்டை நோக்கி அவர் போக, நானும் பின்னால் போனேன்.

"சார், கெஸ்ட்டு அதுல போகக் கூடாது. நீங்க முன்னாடி வாங்க."

விருந்தாளியாகிய நான் கண்ணாடி பதித்த லிஃப்டில் முதலில் மேலே போய்ச் சேர்ந்தேன். மகன் ஜெபராஜ் கதவைத் திறந்து, "அம்மா வரலையா அங்கிள்?" என்றான்.

"வர்றாங்க. வேற வழியா."

அவனுக்கு முகம் சுருங்கவில்லை. பொறுமையாக விளக்கினான். "கெஸ்ட்னு போட்டா ஒவ்வொரு வாட்டியும் எனக்கு கால் வரும் அங்கிள். மீட்டிங்ல இருப்பேன். ஹெல்ப்னு ரிஜிஸ்டர் பண்ணிட்டா அவங்க பாட்டுக்கு வரலாம், போகலாம். ஈசி." பெற்ற தாயை வேலைக்காரி என்று பதிவு செய்தவன் அதை ஒரு வசதியாக எனக்கு விற்றான். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பெட்டியோடு உள்ளே வந்த நர்ஸம்மா, "கம்பவுண்டரே, எம் புள்ளைய கேள்வி கேக்க நீங்க யாரு?" என்று என் வாயை அடைத்தார். மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பெட்டியை பால்கனிக்கு அனுப்பினாள்.

ஒருநாள் எதிர் வீட்டுப் பெண்மணி, "இந்தம்மா எங்களுக்கும் பாத்திரம் தேய்க்க வருவாங்களா?" என்று அவனிடம் கேட்டிருக்கிறார். அவன், "இல்ல ஆன்ட்டி, அவங்க எங்களுக்கு மட்டும்தான்" என்றானாம். இதை என்னிடம் நர்ஸம்மாதான் சொன்னார், சிரித்துக்கொண்டே. "எங்களுக்கு மட்டும்தான்னான் பாரு கம்பவுண்டரே. வுட்டுக் குடுக்கல." எனக்கு அன்று அவர்மேல்தான் ஆத்திரம் வந்தது. ஊரையே குத்திய ஊசி அந்த ஒருவனிடம் மட்டும் ஏன் மழுங்கிப்போனது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துக்குப் போனார்கள், சம்பந்தி வீட்டாரோடு. கடற்கரைக் கோயில் முன்னால் எல்லாரையும் நிறுத்திப் படம் எடுக்கும் வேலை நர்ஸம்மாவுக்கு. அவர் ஒருவரைத் தவிர எல்லாரும் அழகாக விழுந்திருந்த அந்தப் படத்தைத்தான் தன் போன் முகப்பில் வைத்திருந்தார். "நல்லா எடுத்துக்கீறேன் இல்ல?" என்று கேட்டார். நல்லா இருக்கு என்றேன். வேறு என்ன சொல்ல?

போலீஸ்காரரிடம் பேசி முடித்ததும் ஜெபராஜைக் கூப்பிட்டேன். அவன் தயங்கிவிட்டுச் சொன்னான்: "கேட்லேருந்து மெசேஜ் வந்துச்சு அங்கிள், உங்க ஹெல்ப் இன்னைக்கு வரமாட்டாங்கன்னு. நான் சமையல்காரம்மாவைத்தான் சொல்றாங்கன்னு நெனச்சேன்." அந்தச் செய்திக்கு அவன் 'ஓகே' என்று பதிலும் போட்டிருந்தான்.

ஆஸ்பத்திரிக்கு எனக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தான். பிணவறை வாசலில் போலீஸ்காரர் அட்டையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்கதான் இந்தம்மா வேலை செஞ்ச வூட்டு ஓனரா?"

"இல்ல சார். நான் வந்து, அவங்க சன்."

"கார்டுல வூட்டு வேலைன்னு போட்டுக்கீதே. ஆதார் எதுனா கீதா, அப்பா அம்மா பேரு போட்டது?"

அவனிடம் இருந்தது அப்பா பெயர் போட்ட ஆதார். என் பக்கம் திரும்பினான். "அங்கிள், நீங்க சொல்லுங்களேன்."

ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். நான் சொல்லவில்லை. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு அவனையே பார்த்தேன். அவன் கண் கலங்கியது தெரிந்தும் பார்த்தேன். பிறகு கேட்டேன்.

"அம்மா பேரு இன்னா?"

"அங்கிள்..."

"சத்தமா சொல்லு."

"ரூபி."

"கேக்கல."

வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பும்படி அவன் கத்தினான். "ரூபி. எங்கம்மா பேரு ரூபி." கத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். அதற்குப் பிறகுதான் போலீஸ்காரரிடம், "மகன்தான் சார், எனக்குத் தெரியும்" என்றேன். அவனைத் தூக்கிவிடவில்லை. நான் செய்தது கொடுமை என்று அங்கே நின்ற ஒரு நர்ஸ் என்னிடமே சொன்னார். ஆமாம், கொடுமைதான்.

பொருள்களைக் கொடுத்தபோது போனையும் சங்கிலியையும் அவன் வாங்கிக்கொண்டான். நீலப் பெட்டியைப் பார்த்து, "கார்ல ஸ்மெல் வரும் அங்கிள்" என்றான். அழுத குரல் இன்னும் தெளியவில்லை, அப்போதும் அதைத்தான் சொன்னான். பெட்டியை நான் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கயிற்றை அவிழ்த்தபோது உள்ளே ஐஸ் பாதி கரையாமல் இருந்தது. மீனும் கெடவில்லை.

நர்ஸம்மாவை அறிந்த உங்களுக்குச் சொல்கிறேன்: அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டு. ஒன்று அந்தப் பெட்டி. இன்னொன்று அவர் கேட்ட கேள்வி. அதை அவர் சார்பில் ஒரு முறை கேட்டுவிட்டேன். அந்த 'வீட்டு உதவி' அட்டையைத்தான் என்ன செய்வது என்று தெரியாமல் ஆஸ்பத்திரியிலேயே போலீஸ்காரர் என்னிடம் நீட்டினார். வாங்கி ஜெபராஜின் சட்டைப் பையில் வைத்து, பட்டனையும் போட்டுவிட்டு வந்தேன்.